மேசையில் வீட்டுக் கதை கூடாது

786

துறைமுகக் குவாட்டர்ஸ்,
திருகோணமலை.
12.06.1967

அன்புள்ள குணேஸ் அக்காவுக்கு ஸுல்பிகா எழுதுவது.

ஆண்டவன் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல் என்று இந்த இடத்தில் எழுத வேணும். எனக்கு ஆவல் இல்லை, கோபம்தான் இருக்குது. நாலு மாதமாய் ஒரு வரி இல்லை. இத்தனை வருசம் மேசையில் கடுதாசி குலுக்கி விளையாடின கைக்கு ஒரு கடுதாசி எழுத ஏலாமல் போய்விட்டதா?

உங்கள் விலாசத்தை நான் எடுத்த பாடு எனக்குத்தான் தெரியும். தம்பிராசா அண்ணர் கந்தோரில் இருந்த கதிரைக்கு ஞானசேகரம் என்று ஒருவர் வந்திருக்கிறார். அவரிடம்தான் பிள்ளைகளின் வாப்பா லாஞ்சை விட்டிறங்கி மூன்று தரம் போய்க் கேட்டு வாங்கி வந்தவர். "உன்ட அக்காவுக்கு விருப்பமிருந்தா அவவே எழுதியிருப்பா" என்று எனக்குப் புத்தியும் சொன்னார். சொல்லட்டும்.

அக்கா, கடைசி நாள் ஆட்டத்தில் நான் கத்தினதுதான் காரணமா? இத்தனை புள்ளி எடுப்போம் என்று நான் இருநூற்றைம்பது வரை கேட்டுவிட்டேன். உங்கள் கையிலோ ஒன்றும் இல்லை. அதோடு சிவப்பு ஆடுதன் கையில் வைத்துக்கொண்டு கறுப்பு ஸ்கோப்பனைப் போட்டீர்கள். இனம் இருக்க மாறிப் போட்டது குற்றம் என்று எதிரணிப் பாக்கியரத்தினம் ரீச்சர் உடனே பிடித்தா. ஆறு புளியங்கொட்டை போனது. அந்த எரிச்சலில்தான் "கண்ணைக் குசினியில வச்சிட்டு வந்தீங்களோ?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டனான். நீங்கள் எழும்பிப் பின்பக்கத்தால் வீட்டுக்குப் போனீர்கள்.

மறுநாள் விடியவே தங்கச்சி றுக்கியாவின் கலியாணத்துக்குக் கிண்ணியாவுக்குப் போனவள், மூன்று கிழமைக்குப் பிறகுதான் வந்தனான். வந்து பார்த்தால் உங்கள் கதவில் பூட்டு. காய்ச்சலாய்க் கிடந்தீர்கள், பிறகு காங்கேசன்துறைக்கு மாற்றம் வந்து போய்விட்டீர்கள் என்று சனம் சொன்னது. அந்தக் கதவுக்கு முன்னால் நின்று அழுதேன் அக்கா. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

உங்கள் இடத்தில் இப்போது விளையாடுவது மிஸிஸ் ஞானசேகரம். தங்கமான மனுசி, ஆனால் நம்முடைய பாஷை ஒன்றும் தெரியாது. எனக்கு நல்ல கை வந்தது. "உலை கொதிக்குது" என்றேன். கூட்டிக் கேட்கச் சொல்கிறேன் என்று அவவுக்கு எப்படி விளங்கும்? கடுதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்ப் பார்த்து வந்து, "இல்லையே, அடுப்பு இன்னும் மூட்டேல்லையே" என்றா. இன்னொரு நாள் வெறுங்கை. "மீன்காரன்ட மணி கேக்குது" என்றேன். சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினா. இனி "தலை சுத்துது" என்றால் ஆட்டத்தின் பெரிய கடுதாசியான ஜாக் ரெண்டு என்னட்ட இருக்கு என்பதை இவவுக்கு எப்படிச் சொல்ல? கோடாலித் தைலத்தோடு வந்து நிற்பா!

ஒரு வழக்கும் இருக்குது. துரும்புக் கடுதாசியைக் கவிழ்த்து வைத்தபிறகு மிஸிஸ் ஞானசேகரம் அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறா. மறந்துபோகுதாம். பார்க்கக் கூடாது என்று ரீச்சரின் கூட்டாளி பரீதா சண்டை. நம் மேசைக்கு நீதவான் நீங்கள்தான். தீர்ப்பு எழுதி அனுப்புங்கள்.

என்றும் உங்கள் கூட்டாளி,
ஸுல்பிகா ஜெமீல்


சிவமயம்

காங்கேசன்துறை.
30.06.1967

அன்புள்ள ஸுல்பிகாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் உங்கள் கணவரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பது அறிந்து சந்தோசம். இவருக்கு இங்கே வேலை கொஞ்சம் கூட. சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கத்துத் தூசி யன்னலைத் திறக்க விடாது. மற்றபடி குறை இல்லை.

துரும்பு விடயம். முதல் கடுதாசி மேசையில் விழும் வரைக்கும், வைத்தவர் எத்தனை தரமும் பார்க்கலாம். விழுந்த பிறகு பார்க்கக் கூடாது. ஞாபகம் இல்லாதவர் துரும்பு வைக்கக் கேட்கக் கூடாது. ஆனால் மிஸிஸ் ஞானசேகரம் புதிது என்பதால் முதல் மாதம் குற்றம் எழுத வேண்டாம் என்று பரீதாவிடம் சொல்லுங்கள்.

கடைசி ஆட்டத்தைப் பற்றி நீங்கள் மனவருத்தப்பட வேண்டியதில்லை. மாறிப் போட்டது என் பிழை. ரீச்சர் பிடித்த குற்றமும் சரி, ஆறு கொட்டைக் கணக்கும் சரி.

இங்கே நான் விளையாடுவதில்லை. கடுதாசி ஆம்பிளைகளின் விளையாட்டு என்று அயலில் நினைக்கிறார்கள். எனக்கும் விருப்பம் விட்டுப்போயிற்று. இடைக்கிடை தலை சுற்றும். இரத்தம் குறைவு என்று டொக்டர் சொல்கிறார்.

உங்கள் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
திருமதி குணேஸ்வரி தம்பிராசா


786

திருகோணமலை.
09.07.1967

திருமதி குணேஸ்வரி தம்பிராசா அவர்களின் சமூகத்துக்கு,

இப்படித்தானே நான் இனிமேல் எழுத வேணும்? உங்கள் கடிதத்தில் எனக்கு எத்தனை 'உங்கள்', எத்தனை 'நீங்கள்' என்று விரல் விட்டு எண்ணினனான். ஐந்து. ஒரு 'நீ' இல்லை. முன்பு என்றால் வேலிக்கு மேலால் "எடியே, உன்ர புட்டு நீராவியில அழுகுது, இறக்கடி" என்று கத்துவீர்கள். அந்த 'எடியே'யைக் காங்கேசன்துறைச் சீமெந்தில் போட்டுப் பூசிவிட்டீர்களா?

'நீங்கள்' என்று கூப்பிட்டு மனுசரைத் தூரத் தள்ளலாம் என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. ஏசினால்கூட நான் தாங்குவேன் அக்கா. இந்த மரியாதையைத் தாங்க ஏலாது.

சரி, சிரிக்க ஒரு கதை சொல்கிறேன். பாக்கியரத்தினம் ரீச்சர் பென்சன் எடுத்த பிறகும் சட்டம் போடுவதை விடவில்லை. கொப்பி ஒற்றையில் சிவப்பு மையால் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறா: "மேசையில் வீட்டுக் கதை கூடாது. மீறினால் இரண்டு கொட்டை குற்றம்." என்னைப் பார்த்துத்தான் ஒட்டினா என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் அறியாத பிள்ளைபோல "நல்ல சட்டம் ரீச்சர்" என்றேன்.

போன செவ்வாய் ஆட்டம் நல்ல சூடு. மிஸிஸ் ஞானசேகரம் யன்னலைப் பார்த்தபடி இருந்தா. இடையில் ஒரு தரம் வாயைத் திறந்தா, பிறகு மூடினா. ஆட்டம் முடிந்து எழும்பிப் பார்த்தால், யன்னலுக்கு வெளியே பரீதா ஆசையாய் வைத்த பப்பாசிக் கன்றில் குச்சி மட்டும் நிற்குது. ஆடு ஆறுதலாய் நின்று கடைசி இலை வரைக்கும் தின்றிருக்குது. "நீ கண்டனீதானே, ஏன் சொல்லேல்லை?" என்று பரீதா கத்தினா. "வீட்டுக் கதை கூடாதெண்டு போட்டிருக்கே" என்றா மிஸிஸ் ஞானசேகரம். நாங்கள் சிரித்த சிரிப்பில் ஆடே ஓடிவிட்டது. பரீதா மட்டும் இன்னும் சிரிக்கவில்லை.

அது கிடக்கட்டும். தலை சுற்றுது என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன அக்கா, காங்கேசன்துறையிலும் ரெண்டு ஜாக் வந்திட்டுதோ? இருங்கள், நான் இங்கிருந்தே இருநூற்றைம்பது கேட்கிறேன்!

சல்லிக் கருவாடு கொஞ்சம் கட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரும் இருந்தால் கொடுத்துவிடுவேன். என்ன பிழை விட்டேன் என்று மட்டும் எழுதுங்கள். தெரியாத குற்றத்துக்கு எத்தனை கொட்டை வைப்பது?

'நீ' என்று கூப்பிடும் வரை காத்திருக்கும்,
ஸுல்பிகா


காங்கேசன்துறை.
21.07.1967

ஸுல்பிகா,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை கிழிக்க மாட்டேன்.

கோபமா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறாய். ஓம், கோபம்தான். நீ கத்தினதற்கு இல்லை. நீ கத்தாத நாள் எது?

அன்றைக்கு எனக்கு உண்மையாகவே தலை சுற்றினது.

முதல் நாலு கடுதாசி கையில் எடுக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. "தலை சுத்துது" என்றேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நூற்றெழுபது கேட்டாய். ரீச்சர் நூற்றெண்பது என்றா. எனக்கு வியர்த்தது. "ஸுல்பிகா, தலை சுத்துதடி" என்றேன். நீ இருநூறு என்றாய். ரீச்சர் இருநூற்றுப்பத்து. மூன்றாம் தரம் சொன்னேன். "கேட்டுப்போச்சு அக்கா" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு இருநூற்றைம்பது கேட்டாய். நான் எந்தக் கடுதாசியைப் போட்டேன், என்ன இனம் போட்டேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆடுதனா ஸ்கோப்பனா என்று நீ எழுதித்தான் அறிந்தேன்.

எங்கள் குசினிப் படியில் விழுந்தேன். இவர் கந்தோரால் வரும் வரைக்கும் ஒரு மணித்தியாலம் அங்கேயே கிடந்தேன். உன் வீட்டில் நீங்கள் மூன்று பேருமாய் அடுத்த ஆட்டத்துக்குக் குலுக்கிப் போடுவது வேலிக்கு மேலால் கேட்டது.

மூன்று மாதம் ஸுல்பிகா. முதல் தரம் கரு கலைந்து போனபோது நீதான் பக்கத்தில் இருந்து என் காலைத் தேய்த்துவிட்டனி. அந்தப் பயத்தில்தான் இந்த முறை யாருக்கும் வாய் திறக்கவில்லை, உனக்கும் சொல்லவில்லை. அந்த வெள்ளி மூன்று மாதம் நிறையும், அன்றைக்கு முதலில் உனக்குச் சொல்ல வேணும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமையே எல்லாம் முடிந்தது. காய்ச்சல் என்று இவர் சனத்துக்குச் சொன்னார். நான்தான் சொல்லச் சொன்னேன்.

உடனே படுக்க வைத்திருந்தாலும் நின்றிருக்காது என்று டொக்டர் சொன்னார். அறிவுக்கு விளங்குது. மனத்துக்கு விளங்கவில்லை. நீ கிண்ணியாவுக்குப் போனது கலியாணத்துக்கு என்று தெரியும். ஆனாலும் ஆசுபத்திரியில் கிடந்த ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்தேன். நீ வரவில்லை என்றும் கோபம், வந்துவிடுவாயோ என்றும் கோபம்.

பிறகு நாலு மாதம் கழித்து, எனக்குத் தலை சுற்றுது என்று ஒரு வரி எழுதினால், நீ மறுபடியும் ஜாக் எண்ணுகிறாய்.

அந்தச் சொற்களை உனக்குப் பழக்கினது நான்தான். அதுதான் என்னைக் கூடுதலாய்ச் சுடுது.

குணேஸ்வரி


786

திருகோணமலை.
02.08.1967

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு கிழமை. பிள்ளைகளின் வாப்பாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு மடித்து வைத்தார். "எழுது" என்று மட்டும் சொன்னார். என்னத்தை எழுத? மன்னியுங்கள் என்று எழுதக் கை கூசுது. நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்க, இந்தப் பக்கம் நான் கடுதாசி குலுக்கியிருக்கிறேன். அந்தக் கடுதாசிக் கட்டு அலுமாரியில் கிடக்குது. அந்த அலுமாரியை நான் ஒரு கிழமையாய்த் திறக்கவில்லை.

முந்தாநாள் ரீச்சரும் பரீதாவும் வழமைபோல வந்தார்கள். மிஸிஸ் ஞானசேகரம் தாய்வீட்டுக்குச் சாம்பல்தீவுக்குப் போயிருந்தா. நல்லதாய்ப் போயிற்று. மேசையில் ஒன்றும் வைக்காமல் நான் சொன்னேன்:

"ரீச்சர், நானும் குணேஸ் அக்காவும் கள்ள விளையாட்டு விளையாடினனாங்கள். நாலு வருசமா. உலை கொதிக்குது எண்டால் நல்ல கை. மீன்காரன் எண்டால் வெறுங்கை. தலை சுத்துது எண்டால் ரெண்டு ஜாக்."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "தெரியும் பிள்ளை" என்றா.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். ரெண்டாம் மாசமே தெரியும். உன்ர வீட்டில உலை கொதிக்கிற நாளில அடுப்பில பூனை படுத்திருக்கும். விளங்காமல் இருக்க நாங்கள் என்ன பச்சைப் பிள்ளையளே?"

பரீதா பக்கத்தில் தலையை ஆட்டினா. "நீங்க சொல்லச் சொல்ல எங்களுக்கும் உதவியாத்தான் இருந்திச்சு" என்றா. புதிதாய் வந்தவவும் நம்முடைய பாஷையைப் பழகிவிடுவா என்றுதான் அந்தச் சிவப்புச் சட்டத்தை ஒட்டினாவாம் ரீச்சர்.

வேறு நாள் என்றால் நான் துள்ளியிருப்பேன். நாலு வருசம் நாங்கள் இவர்களை ஏமாற்றுகிறோம் என்று இருந்தால், இவர்கள் எங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அன்றைக்குத் துள்ள வரவில்லை. உங்கள் கடிதத்தில் இருந்ததை இரண்டு பேருக்கும் சொன்னேன். நீங்கள் சொல்லச் சொல்லவில்லை, அதையும் சேர்த்து என் கணக்கில் எழுதுங்கள். அவர்களிடம் மறைத்து வைக்க எனக்கு ஏலவில்லை.

பரீதா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டா. ரீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அண்டைக்கு நாலு ஜாக்கிலை மூண்டு என்ர கையில இருந்தது. குணேஸிட்ட ரெண்டு இருக்க ஏலாது. அது எனக்குத் தெரியும். அப்ப இவ பொய்க்குச் சொல்லுறா எண்டுதான் நினைச்சன். ஏறட்டும், ஏறி விழட்டும் எண்டு நானும் கேள்வியைக் கூட்டினன். அவ நிசமாச் சொல்லுறா எண்டு எனக்கு ஒருக்காலும் தோன்றேல்லை."

முப்பது வருசம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே யாருக்குக் காய்ச்சல் என்று சொன்ன மனுசி அக்கா. அவ விம்மி அழுததை நான் இதற்கு முன் கண்டதில்லை. எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த சட்டத்தைக் கிழித்தா.

நீங்கள் மூன்று தரம் சொன்னீர்கள். மூன்று பேர் கேட்டோம். ஒருவராவது உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் உங்களுக்கு ஒரு தங்கச்சி என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தனான். தங்கச்சி என்றால் முகத்தைப் பார்த்திருப்பாள். இதை எழுதும்போது நெஞ்சு நோகுது. பழைய பாஷை இல்லை அக்கா, உண்மையாய் நோகுது.

இனி நீங்கள் எழுதாவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஸுல்பிகா


சிவமயம்

காங்கேசன்துறை.
11.08.1967

எடியே ஸுல்பிகா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அழுதேன். இவர் பயந்து டொக்டரைக் கூப்பிடப் போனார். மறித்துவிட்டேன். அழுகை வரவேண்டியதுதான் வந்தது, ஆறு மாதம் பிந்தி.

நீ எல்லாவற்றையும் ரீச்சருக்கு முன்னால் கொட்டின பிறகு, நான் மட்டும் ஒன்றை ஒளித்து வைத்திருப்பது அழகில்லை. போன கடிதத்தில் உன்னைக் குற்றவாளியாக்கினேன். என் பங்கை எழுதவில்லை.

மூன்று தரம் அதையே சொன்னேனே, நாலாம் தரம் வேறு விதமாய்ச் சொல்லியிருக்கலாம். "ஸுல்பிகா, இது விளையாட்டில்லை, எனக்கு உண்மையாய் ஏலாமல் கிடக்குது" என்று சொல்லியிருந்தால், நீ கடுதாசியை எறிந்துவிட்டு ஓடி வந்திருப்பாய். அது எனக்கு அப்போதும் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஏன் தெரியுமா? "அப்ப இவ்வளவு நாளும் சொன்னது என்ன?" என்று ரீச்சர் கேட்பா என்று பயந்தேன். மேசைக்கு நீதவான் நான். துரும்பை எடுத்துப் பார்த்தால் குற்றம், இனம் மாறிப் போட்டால் குற்றம் என்று எல்லோருக்கும் தீர்ப்புச் சொன்னவள் நான். கள்ளம் பிடிபட்டால் என் முகம் என்னாகும் என்று நினைத்தேன். என் உடம்பு என்னாகும் என்று நினைக்கவில்லை. அந்த மனுசி நாலு வருசமாய் எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்தா என்று நீ எழுதின இடத்தில், ஸுல்பிகா, நான் சிரித்தேன். அழுகைக்கு நடுவில் சிரித்தேன். ஒருவருக்கும் மறைக்கத் தேவையில்லாத ஒன்றை மறைக்கத்தான் அந்தக் கதிரையில் அப்படி இருந்திருக்கிறேன்.

ஆகையால் நீ மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் நானும் கேட்க வேண்டி வரும். பிறகு இரண்டு பேரும் தபால் முத்திரைக்கே அழிந்துபோவோம். ரீச்சரிடம் சொல்லு, அவவில் எனக்கு வருத்தமில்லை என்று. பரீதாவிடம் வேறு பப்பாசிக் கன்று வைக்கச் சொல்லு.

வருகிற பத்தொன்பதாம் திகதி சனிக்கிழமை, இவருக்கு லீவு எடுத்துக்கொண்டு வருகிறோம். தெரிந்தவர் வீட்டில் தங்கலாம் என்று இவர் சொன்னார். நான் ஓம் சொல்லவில்லை. நேரே உன் வீட்டுக்குத்தான் வருவேன்.

வந்தவுடன் பலகாரம் பட்சணம் என்று ஓடித் திரியாதே. நடு அறையில் ஒரு பாயை விரித்து வை. பஸ்ஸில் வருவது தூரம், எனக்கு இன்னும் தலை சுற்றுது. நான் கொஞ்ச நேரம் படுக்க வேணும். நீ பக்கத்தில் இருந்தால் போதும்.

உன் குணேஸ் அக்கா